காசு கொடுத்து வாங்கிய விளம்பரம்

சென்ற ஆண்டு நியூஜெர்சியில் மகள் வீட்டில் ஐந்து மாதம் இருந்தோம். பனி கொட்டும் ஊரில் வெளியே நடக்க முடியாத கிழவனுக்கு என்ன பொழுதுபோக்கு? மாப்பிள்ளை அங்கேயே வளர்ந்தவர். சிறுவயதில் சேர்த்த காமிக்ஸ் புத்தகங்களை ஒவ்வொன்றாக பிளாஸ்டிக் உறையில் போட்டு, நீளமான அட்டைப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருக்கிறார். வரிசை எண் தப்பாத அடுக்கு. எங்கள் ஆபீஸ் ரெக்கார்டு ரூமில் முப்பது வருடம் குப்பை கொட்டிய நான் அதைப் பார்த்து வெட்கப்பட்டேன்.

அந்தப் பெட்டியில் மற்றவற்றைவிட மெல்லியதாகச் சில புத்தகங்கள் இருந்தன. பெயர் ‘மார்வெல் ஏஜ்’. விலை 25 சென்ட். “இது எந்த ஹீரோவின் கதை?” என்று கேட்டேன்.

“இதில் கதையே கிடையாது மாமா. அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்ன கதை வரப்போகிறது என்று சொல்லும் புத்தகம்.”

“விளம்பரம் என்று சொல்லுங்கள்.”

“விளம்பரம்தான். ஆனால் காசு கொடுத்து வாங்குவோம்.”

இந்தப் பதில் எனக்குள் உட்கார்ந்துகொண்டது. நம்மூரில் சினிமா நோட்டீஸ் என்றால் குதிரை வண்டியில் தப்பட்டை அடித்துக்கொண்டு வந்து வீசிவிட்டுப் போவார்கள். நாம் பின்னால் ஓடிப் பொறுக்குவோம். அதற்குக் காசு கேட்டால் வண்டிக்காரனைக் கல்லால் அடித்திருப்போம். முத்து காமிக்ஸில் 1972 முதல் இரும்புக்கை மாயாவி படித்தவர்கள் இந்த வலைப்பூவின் வாசகர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். ‘விரைவில் வருகிறது’ என்று அதிலும் போடுவார்கள். அது ஒரு பக்கம், மிஞ்சினால் பின்னட்டை. இங்கேயோ அந்த ஒரு பக்கத்தையே மாதப் பத்திரிகையாக்கி, 1983 முதல் 1994 வரை 140 இதழ்கள் விற்றிருக்கிறார்கள். எப்படி முடிந்தது என்று தெரிந்துகொள்ள இரண்டு மாதம் படித்தேன். காமிக்ஸைவிட அதை விற்ற கதை சுவாரசியமாக இருந்தது.

முதலில் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1970கள் வரை காமிக்ஸுக்கென்று தனிக்கடை என்பது மிக அரிது. மருந்துக் கடை, மளிகைக் கடை, பஸ் நிலையத்துப் பத்திரிகைக் கடை இவற்றில் ஒரு மூலையில் சுழலும் கம்பி ஸ்டாண்டு இருக்கும். பிள்ளைகள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து ஒன்றை எடுப்பார்கள். கடைக்காரருக்கு எந்தப் புத்தகம் வருகிறது என்பதே தெரியாது. லாரிக்காரன் கட்டைப் போட்டுவிட்டுப் போவான். விற்றதற்கு மட்டும் பணம் கட்டினால் போதும். விற்காததைத் திருப்பிவிடலாம். முழுப் புத்தகத்தையும் திருப்பி ஏற்றிப் போனால் வண்டிச் சத்தம் கட்டாது என்பதால், அட்டையின் மேல்பகுதியைக் கிழித்து அனுப்பினால் போதும் என்று ஒரு ஏற்பாடு. பிறகு அதுவும் போய், ‘இத்தனை பிரதி விற்கவில்லை, அழித்துவிட்டோம்’ என்று விநியோகஸ்தர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றாயிற்று. ஸ்டோர்ஸ் செக்‌ஷனில் வேலை பார்த்த எவருக்கும் இந்த ஏற்பாடு எங்கே போய் முடியும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. அழித்ததாகக் கணக்கில் எழுதிய புத்தகங்கள் பின்வாசல் வழியாக விலைக்குப் போயின. மொத்தத்தில், பல புத்தகங்களில் அச்சடித்ததில் பாதிகூட விற்றதாகக் கணக்கு வராது. நஷ்டம் முழுக்கப் பதிப்பாளர் தலையில்.

இந்த நிலைமையில் ஃபில் சூலிங் என்று ஒருவர் வந்தார். புரூக்ளினில் பள்ளிக்கூடத்து ஆங்கில வாத்தியார். நியூயார்க்கில் வருடா வருடம் காமிக்ஸ் ரசிகர்களைக் கூட்டி மாநாடு நடத்தியவர். 1970களின் முற்பகுதியில் இவர் பதிப்பாளர்களிடம் போய்ச் சொன்னது இதுதான்: எனக்கு அதிகத் தள்ளுபடி கொடுங்கள், எத்தனை பிரதி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், விற்றாலும் விற்காவிட்டாலும் ஒன்றைக்கூடத் திருப்பமாட்டேன். பதிப்பாளர்களுக்குக் கசக்குமா? எத்தனை ஆர்டரோ அத்தனை அச்சடித்தால் போதும். ‘டைரக்ட் மார்க்கெட்’ என்று இதற்குப் பெயர் வந்தது. இதைக் கொண்டு காமிக்ஸ் மட்டுமே விற்கும் சிறு கடைகள் ஊருக்கு ஊர் முளைத்தன. பெரும்பாலும் காமிக்ஸ் பைத்தியம் பிடித்த இளைஞர்கள், கையிலிருந்த சேமிப்பைப் போட்டு ஆரம்பித்தவை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1983-இல் மார்வெல் புத்தகம் ஒன்றின் விலை 60 சென்ட். கடைக்காரருக்கு 40 சதவீதம் தள்ளுபடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடக்கம் 36 சென்ட். நூறு பிரதி எடுத்தால் முதல் 36 டாலர். அறுபது பிரதி விற்றால் அதே 36 டாலர் கைக்கு வந்துவிடும். மிச்சம் நாற்பது பிரதியும் விற்றால்தான் லாபம், வாடகை, சாப்பாடு எல்லாம். விற்காவிட்டால் நாற்பது பிரதியும் கடையின் பின்கட்டில் தூங்கும். நூறுக்குப் பதில் அறுபது மட்டும் எடுத்துவிட்டாலோ, அறுபத்தோராவது பையன் வெறுங்கையோடு திரும்பி அடுத்த கடைக்குப் போய்விடுவான். இந்த முடிவை எப்போது எடுக்க வேண்டும்? புத்தகம் வருவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பு. அப்போது அது எழுதி முடிக்கப்பட்டிருக்குமா என்பதே சந்தேகம்.

அதாவது, நஷ்டப் பயம் பதிப்பாளர் தோளிலிருந்து இறங்கிக் கடைக்காரர் தோளில் ஏறிக்கொண்டது. ஏறியவுடன் அவர் கேட்ட முதல் கேள்வி, ‘உள்ளே என்ன இருக்கிறது என்று முன்னாலேயே சொல்’ என்பது. மார்வெல் ஏஜ் பிறந்தது இந்தக் கேள்வியிலிருந்துதான் என்பது என் கணிப்பு.

அதற்கு முன்பு மார்வெல் முன்னறிவிப்பே செய்யவில்லை என்று அர்த்தமில்லை. ஸ்டான் லீ அதில் கைதேர்ந்தவர். 1965 முதல் ‘புல்பென் புல்லட்டின்ஸ்’ என்று எல்லாப் புத்தகத்திலும் ஒரு பக்கம் ஒதுக்கி, இந்த மாதம் கடையில் என்னென்ன கிடைக்கும் என்ற பட்டியலோடு, ஆபீஸில் யாருக்கு என்ன பட்டப்பெயர் என்பது வரை எழுதுவார். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கும் பெரிய மனிதர் மாதிரியான எழுத்து. வாசகனுக்குத் தானும் அந்த வீட்டுப் பிள்ளை என்று தோன்றிவிடும். 1973-இல் ‘ஃபூம்’ என்ற ரசிகர் சங்கப் பத்திரிகை வந்தது. முதல் நான்கு இதழ்களைத் தயாரித்தவர் ஜிம் ஸ்டெராங்கோ என்ற பெரிய ஓவியர். 22 இதழ்களோடு 1978-இல் நின்றது. போட்டிக் கம்பெனியான டி.சி.யும் அதே காலத்தில் ‘அமேசிங் வேர்ல்ட் ஆஃப் டி.சி. காமிக்ஸ்’ என்று 17 இதழ்கள் தபாலில் விற்றது. இவையெல்லாம் ரசிகர்களைத் தட்டிக்கொடுக்க வந்தவை. கடைக்காரரின் ஆர்டர் பாரம் இவற்றின் கண்ணில் இல்லை.

நிலைமை மாறிவிட்டது என்பதை மார்வெல் 1981-இல் கண்டுகொண்டது. டாஸ்லர் என்ற பாட்டுக்காரப் பெண் நாயகியின் முதல் இதழை ஸ்டாண்டுக் கடைகளுக்கு அனுப்பாமல், காமிக்ஸ் கடைகளுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். நான்கு லட்சம் பிரதிகளுக்கு மேல் ஆர்டர் வந்தது. அந்தக் கடைகளைக் கவனிக்கும் விற்பனைப் பிரிவுக்குத் தலைமை ஏற்றவர் கேரல் கேலிஷ் என்ற இளம்பெண். இவரைப் பற்றி எழுதினால் தனிப் பதிவு ஆகும். கடைக்காரர்களில் பாதிப்பேர் சுருட்டுப் பெட்டியில் காசு போட்டு எடுப்பவர்கள், எது விற்றது எது விற்கவில்லை என்ற கணக்கே இல்லை என்று பார்த்து, கேஷ் ரிஜிஸ்டர் எந்திரம் வாங்கக் கம்பெனிப் பணத்தில் ஒரு பங்கு கொடுக்க ஏற்பாடு செய்தார். பிற்பாடு பெயர்பெற்ற எழுத்தாளரான பீட்டர் டேவிட் அப்போது இவருக்கு உதவியாளர். 1991-இல் தம் 36-ஆவது வயதில் கேலிஷ் இறந்துபோனார். சூப்பர் ஹீரோ வரைந்தவர்களுக்கெல்லாம் சிலை வைக்கிறார்கள். மளிகைக் கடை மாதிரி நோட்டுப் போடக் கற்றுக்கொடுத்த இந்த அம்மாவை அந்தத் தொழிலில் இருந்தவர்கள் மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

1983 ஏப்ரல் என்ற தேதியோடு மார்வெல் ஏஜ் முதல் இதழ் வந்தது. 80களில் பெரும்பகுதி அதன் ஆசிரியராக இருந்தவர் ஜிம் சாலிக்ரப். வரப்போகும் தொடர்களைப் பற்றிக் கட்டுரை, எழுத்தாளர் ஓவியர் பேட்டி, இன்னும் வெளிவராத பக்கங்களின் பென்சில் படம், மாத வாரியாகப் பட்டியல். கடைசியில் ஃப்ரெட் ஹெம்பெக் வரையும் கேலிச்சித்திரம். எந்தப் பெரிய வீரனை வரைந்தாலும் முழங்காலில் ஒரு சுழி போட்டுவிடுவார் ஹெம்பெக். உலகத்தையே அழிக்கப் போகும் வில்லன் முழங்காலில் சுழியோடு நின்றால் யாருக்குப் பயம் வரும்? மாப்பிள்ளை, கட்டுரைகளைப் படிக்காவிட்டாலும் ஹெம்பெக்குக்காக வாங்குவேன் என்றார். 1985 முதல் ஆண்டு மலர் வேறு.

இதழ்களைப் புரட்டும்போது எனக்கு ஒன்று பிடித்தது, ஒன்று பிடிக்கவில்லை. பிடித்தது, திரைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு முகம் கொடுத்தது. எழுத்து வடிவம் எழுதுபவர், மை போடுபவர், வண்ணம் தீட்டுபவர் என்று ஒரு புத்தகத்துக்குப் பின்னால் எத்தனை கை இருக்கிறது என்பதைப் பன்னிரண்டு வயதுப் பையன் தெரிந்துகொண்டான். பிடிக்காதது, எல்லாப் புத்தகமும் அருமை, எல்லா ஆசிரியரும் மேதை என்ற அந்த ஒரே சுருதி. அரசாங்கச் செய்தித் துறை வெளியீடுகளைப் படித்துப் பழகிய எனக்கு அந்தச் சுருதி நன்றாகத் தெரியும்.

அதே ஆண்டுகளில் ஜாக் கிர்பி தம் படங்களைத் திருப்பிக் கேட்டுப் போராடிக்கொண்டிருந்தார். ஃபென்டாஸ்டிக் ஃபோர், ஹல்க், தோர், எக்ஸ்-மென் இவர்களையெல்லாம் ஸ்டான் லீயோடு சேர்ந்து உருவாக்கிய ஓவியர். அவர் கையால் வரைந்த மூலப் பக்கங்கள் கம்பெனி வசம் இருந்தன. மற்ற ஓவியர்களுக்கு ஒரு பக்கப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தவர்கள், கிர்பிக்கு மட்டும் நான்கு பக்கப் பத்திரம் நீட்டினார்கள். அவர் மறுத்தார். 1987-இல் சமரசம் ஆகி ஏறத்தாழ 2,000 பக்கம் கைக்கு வந்தது. அவர் மார்வெலுக்கு வரைந்ததில் அது ஒரு சிறு பங்குதான். இந்தச் சண்டையை ஊரறியச் செய்தது ‘தி காமிக்ஸ் ஜர்னல்’ என்ற விமர்சனப் பத்திரிகை. அதன் விலை 25 சென்ட் இல்லை, பல மடங்கு. வீட்டுப் பத்திரிகை மலிவு, வெளிப் பத்திரிகை விலை அதிகம். வித்தியாசத்துக்கு எதை வாங்குகிறோம் என்பதை யோசிக்க வேண்டியிருக்கிறது.

இனி, கறுப்புச் சட்டைக் கதை. மார்வெல் ஏஜின் 12-ஆவது இதழ் 1984 மார்ச் தேதியிட்டது. ஸ்பைடர்மேன் தன் சிவப்பு-நீல உடையைக் களைந்துவிட்டு, முழுக் கறுப்பில் நெஞ்சில் பெரிய வெள்ளைச் சிலந்தியோடு வரப்போகிறான் என்பதை அதில் காட்டினார்கள். அந்த உடை இடம்பெற்ற ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 252-ஆவது இதழுக்கு மே மாதத் தேதி. இருபது வருடத்துக்கு மேல் மாறாத சட்டை. நம்மூரில் எம்.ஜி.ஆர். தொப்பியைக் கழற்றப் போகிறார் என்று சேதி வந்தால் எப்படி இருந்திருக்கும்? சேதி கசிந்த நாளிலிருந்து, கதையில் ஒரு வரி படிக்காமலே எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. ஆனால் புத்தகம் வந்ததும் பறந்து போயிற்று.

இதில் மூன்று வேடிக்கை. ஒன்று, அந்தக் கறுப்பு உடை யோசனை ஒரு வாசகருடையது. 1982-இல் அவரிடமிருந்து 220 டாலருக்கு மார்வெல் வாங்கியது. இரண்டு, உடை எங்கிருந்து வந்தது என்ற கதை ‘சீக்ரெட் வார்ஸ்’ என்ற பன்னிரண்டு மாதத் தொடரில் வருகிறது. அந்தத் தொடரே மேட்டல் என்ற பொம்மைக் கம்பெனிக்காகப் பிறந்தது. ‘இரகசியம்’, ‘போர்’ இரண்டு சொல்லும் பையன்களுக்குப் பிடிக்கிறது என்று அவர்கள் விசாரித்துச் சொல்ல, அதையே தலைப்பாக்கினார்கள். மூன்று, ஸ்பைடர்மேனின் தனிப் புத்தகத்தில் மே மாதம் உடை வந்துவிட்டது. அது எப்படிக் கிடைத்தது என்பதோ டிசம்பர் தேதியிட்ட ‘சீக்ரெட் வார்ஸ்’ எட்டாவது இதழில்தான். அதற்குள் நவம்பர் இதழில் அந்த உடை ஓர் உயிருள்ள அந்நியப் பிராணி என்று கண்டுபிடித்து அவன் கழற்றியே விட்டான்! கழற்றிய பிறகு, மாட்டிக்கொண்ட கதை. படித்தவர்கள் யாரும் குழம்பவில்லை. முன்னறிவிப்பைப் படித்துப் படித்து, கதையை முன்னும் பின்னுமாகக் கோத்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டிருந்தது. அந்தப் பிராணிதான் 1988-இல் வெனம் என்ற வில்லனாயிற்று. இன்று பழைய புத்தகச் சந்தையில் மார்வெல் ஏஜ் 12-ஆவது இதழைத் தேடி அலைகிறார்கள். உடை முதலில் தெரிந்த இடம் அதுவாம். விளம்பரமே மூலப் பிரதி அந்தஸ்துக்கு வந்துவிட்டது.

இந்தக் காத்திருப்பு விஷயத்தில் நான் வேறொரு கோடியில் நின்றவன். என் படிப்பு பிரெஞ்சு மீடியம். காமிக்ஸை நாங்கள் ‘பாந்த் தெசினே’ என்போம். டின்டின் எங்களுக்குத் ‘தேன்தேன்’. சூப்பர் ஹீரோக்கள் புதுச்சேரியில் என் கண்ணில் பட்டது பிரான்சிலிருந்து ராணுவ விடுப்பில் வரும் மாமாவின் பெட்டியில். லியோன் நகரத்து லுக் பதிப்பகம் 1970 ஜனவரியில் தொடங்கிய ‘ஸ்த்ராஞ்ஜ்’ என்ற மாதப் பத்திரிகையை என் தம்பிக்காக வாங்கி வருவார். அதில் ஸ்பைடர்மேன் பெயர் ‘லாரெஞ்ஞே’, அதாவது சிலந்தி, அவ்வளவுதான். அமெரிக்காவில் வந்து சில வருடம் கழித்துத்தான் கதை அதில் வரும். பிரான்சில் 1949 ஜூலை 16-ஆம் தேதிச் சட்டம் ஒன்று உண்டு. சிறுவர் பத்திரிகைகளைப் பார்வையிட அதில் ஒரு கமிஷன். லுக் பதிப்பகத்தின் ‘ஃபாந்தாஸ்க்’ என்ற முந்தைய பத்திரிகை 1969-இல் ஏழே இதழில் அந்தக் கமிஷனின் கோபத்தால் நின்றுபோனது. அதனால் ‘ஸ்த்ராஞ்ஜ்’ காரர்கள் அமெரிக்கப் படங்களில் கைவைத்து, சத்தம் போடும் எழுத்துகளை அழித்து, பயங்கரத்தைக் குறைத்து அச்சிட்டார்கள். கதை பாதியில் நின்று ‘ஆ சுய்வ்ர்’, தொடரும், என்று போட்டால் போட்டதுதான். மாமா அடுத்த விடுப்பில் கொண்டுவரும் கட்டில் அதன் தொடர்ச்சி இருக்குமா என்பது அவன் அதிர்ஷ்டம். சில கதைகளின் முடிவு தம்பிக்கு இன்றுவரை தெரியாது. மூன்று மாதம் முன்னால் எல்லாம் தெரிந்து வைத்திருந்த பையனா, முடிவே தெரியாமல் தானே ஒன்றைக் கற்பனை செய்துகொண்ட தம்பியா, யார் அதிகம் அனுபவித்தான் என்று கேட்டால் நான் தம்பி பக்கம். மாப்பிள்ளை ஒப்புக்கொள்ளமாட்டார்.

அறிவித்தது எல்லாம் வந்ததா என்றால், இல்லை. டி.சி. 1978 கோடையில் ‘டி.சி. எக்ஸ்ப்ளோஷன்’, வெடிப்பு, என்று பெரிதாக முழங்கியது. விலையை 35-லிருந்து 50 சென்ட்டாக ஏற்றி, பக்கங்களைக் கூட்டி, புதுத் தலைப்புகளை அறிவித்தது. சில வாரங்களில் மேலிடத்து உத்தரவு வந்து தலைப்புகள் கொத்துக் கொத்தாகக் கழிக்கப்பட்டன. முந்தைய குளிர்காலத்துப் பனிப்புயலில் லாரிகள் ஓடாமல் புத்தகங்கள் கடைக்கே போகாததில் பட்ட அடி. ரசிகர்கள் எக்ஸ்ப்ளோஷனை ‘இம்ப்ளோஷன்’ ஆக்கிவிட்டார்கள். வரைந்து முடித்து அச்சாகாமல் போன பக்கங்களை, காப்புரிமைக்காக ஜெராக்ஸ் எடுத்து 35 பிரதி மட்டும் ‘கேன்சல்டு காமிக் காவல்கேட்’ என்ற பெயரில் கட்டினார்கள். நின்றுபோனவற்றில் ஒன்று விக்ஸன் என்ற ஆப்பிரிக்கப் பெண் நாயகியின் புத்தகம். வந்திருந்தால் டி.சி.யில் கறுப்பினப் பெண்ணின் பெயரில் வந்த முதல் சூப்பர் ஹீரோ தொடர் அதுவாக இருந்திருக்கும். அவள் வேறொரு புத்தகத்தில் விருந்தாளியாகத் தலைகாட்டவே 1981 ஆயிற்று.

மார்வெலும் தப்பவில்லை. 1986-இல் கம்பெனியின் 25-ஆம் ஆண்டு என்று ‘நியூ யுனிவர்ஸ்’, புதிய பிரபஞ்சம், எட்டுத் தொடர்கள். முன்னறிவிப்புக்குக் குறைவில்லை. உள்ளுக்குள்ளேயோ செலவுக்கு ஒதுக்கிய பணத்தை வெட்டிவிட்டார்கள். ஒரே வருடத்தில் நான்கு தொடர் நின்றது, 1989-க்குள் மிச்சமும் போயிற்று. முன்னறிவிப்பை நம்பி ஆர்டர் போட்ட கடைக்காரரின் பின்கட்டில் அந்தப் பிரபஞ்சம் பல வருடம் கிடந்திருக்கும்.

90-களில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். புத்தகத்தைப் படிக்க வாங்குகிறவர்களோடு, விலை ஏறும் என்று பதுக்க வாங்குகிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1990-இல் ‘ஸ்பைடர்மேன்’ புதுத்தொடரின் முதல் இதழ் 25 லட்சம். 1991-இல் ‘எக்ஸ்-மென்’ முதல் இதழ் ஐந்து வித அட்டையோடு 81 லட்சம், கின்னஸ் பதிவு. அத்தனை வாசகர்கள் அமெரிக்காவில் இல்லை. ஒரே ஆள் ஐந்து அட்டையும் இரண்டிரண்டு பிரதி வாங்கினால் வருகிற கணக்கு அது. 1992-இல் சூப்பர்மேனைக் கொன்றார்கள். சாவுச் சேதி முன்கூட்டியே நாளிதழ்கள் வரை போய்விட்டதால், கறுப்புப் பையில் போட்டு ஒட்டிய பிரதிக்குக் கடை வாசலில் வரிசை நின்றது. பலர் பையைப் பிரிக்கவே இல்லை. பிரித்தால் விலை போய்விடுமே. கதை என்ன என்பது முக்கியமில்லாமல் போய், எது வரப்போகிறது என்ற சேதி மட்டுமே சரக்காயிற்று. 1991-இல் தொடங்கிய ‘விசார்ட்’ பத்திரிகை வரப்போவதையும் சொல்லி, பழையது எவ்வளவு விலை போகும் என்று பட்டியலும் போட்டது. விநியோகக் கம்பெனிகளான டயமண்ட் ‘பிரிவ்யூஸ்’ என்றும், கேபிட்டல் சிட்டி ‘அட்வான்ஸ் காமிக்ஸ்’ என்றும் தடிமனான மாதப் பட்டியல் விற்றன. எல்லாக் கம்பெனிச் சரக்கும் அதில் உண்டு. ஒரு கம்பெனி தன் பெருமையை மட்டும் பேசும் மெல்லிய புத்தகத்தை யார் வாங்குவார்? 1994 செப்டம்பர் தேதியிட்ட 140-ஆவது இதழோடு மார்வெல் ஏஜ் நின்றது.

அந்த ஆண்டின் கடைசியில் மார்வெல் ‘ஹீரோஸ் வேர்ல்ட்’ என்ற நியூஜெர்சி விநியோகக் கம்பெனியை வாங்கி, இனி எங்கள் புத்தகம் வேண்டுமென்றால் எங்களிடம் மட்டுமே வாருங்கள் என்றது. சின்னக் கம்பெனியால் அந்தப் பாரம் தாங்கவில்லை. கட்டு வராது, வந்தால் குறையும், பில் தப்பாக இருக்கும். ஏற்கெனவே விற்காத சரக்கில் மூழ்கியிருந்த கடைகள் ஆயிரக்கணக்கில் மூடின. 1996 டிசம்பர் 27-ஆம் தேதி மார்வெலே திவால் மனு போட்டது. மற்றப் பெரிய பதிப்பாளர்கள் எல்லாம் டயமண்டிடம் போனார்கள். கேபிட்டல் சிட்டியையும் டயமண்ட் வாங்கிவிட்டது. மார்வெலும் கடைசியில் டயமண்ட் வாசலுக்கே திரும்பி வந்தது. அதன் முதலாளி ஸ்டீவ் கெப்பி ஒரு காலத்தில் பால்டிமோரில் தபால்காரராக இருந்தவர்.

அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு, அமெரிக்காவின் எந்தக் காமிக்ஸ் கடைக்காரரும் டயமண்டின் ‘பிரிவ்யூஸ்’ பட்டியலைப் பார்த்து டிக் அடித்துத்தான் ஆர்டர் போட வேண்டும் என்ற நிலை. 2020-இல் டி.சி.யும் 2021-இல் மார்வெலும் வேறு விநியோகஸ்தரிடம் போனார்கள். 2025 ஜனவரி 14-ஆம் தேதி டயமண்டும் திவால் மனு கொடுத்தது. விற்றபின் பணம் தருவதாக வாங்கி டயமண்ட் தன் கிடங்கில் வைத்திருந்த சிறு பதிப்பாளர்களின் புத்தகங்கள் யாருக்குச் சொந்தம், பதிப்பாளர்களுக்கா கடன்காரர்களுக்கா என்று வழக்கு எழுந்தது. நான் நியூஜெர்சியில் இருந்தபோது மாப்பிள்ளை இதை வாரா வாரம் எனக்குப் படித்துக் காட்டினார்.